கைடு புத்தகத்தின் ஒரு வரியும் மதுரைச் சீமையும்: நான்கு கேள்விகள்

"ஏழாண்டுப் போரை முடித்து வைத்த உடன்படிக்கை எது? பாரிஸ் உடன்படிக்கை, 1763." போட்டித் தேர்வுக் கைடு எதை எடுத்தாலும் இந்த ஒரு வரி இருக்கும். கொஞ்சம் தள்ளி வந்தவாசிப் போர், 1760. இன்னும் தள்ளி விக்டோரியா இந்தியாவின் பேரரசி ஆனது, 1877. அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் குரூப் 4, குரூப் 2 என்று வருஷக்கணக்கா இதைத்தான் மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்காங்க. பரீட்சை முடிஞ்ச மறுநாளே பாதி மறந்துபோகும். மறக்கத்தான் செய்யும். பாரிஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் சொல்லிக் கொடுக்கலையே!

சம்பந்தம் இருக்கு. பிரிட்டன், ஐரோப்பா வரலாற்றில் இருந்து நான்கு கேள்விகளை எடுத்துக்கிட்டேன். நான்குக்கும் விடை மதுரையிலும் அதைச் சுத்தின வயல்காட்டிலும் கிடக்குது. ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயத்தை மட்டும் கவனிங்க: முடிவு எங்கே எடுத்தாங்க? அதனால் இங்கே யாருக்கு என்ன ஆச்சு? கைடு முதல் கேள்வியில் பாதியைச் சொல்லும். இரண்டாவதைத் தொடவே தொடாது.

கேள்வி 1: 1623-இல் ரோமில் இருந்த போப்பாண்டவர், மதுரையில் யார் பூணூல் போடலாம் என்று ஏன் முடிவு செய்ய வேண்டி வந்தது?

இதுக்கு முதல்ல "பறங்கி" என்ற சொல்லைப் பார்க்கணும். ஐரோப்பாவில் பிராங்குகள் என்று ஒரு இனம். 800-இல் ரோமில் முடிசூட்டப்பட்ட சார்லமேன் அவர்களுடைய அரசர். பிறகு சிலுவைப் போர்கள் நடந்தபோது, மேற்கில் இருந்து வந்த எல்லோரையும் அரபிகள் பிராங்குகள் என்றே சொன்னார்கள். அந்தச் சொல் பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, தமிழில் பறங்கி ஆயிடுச்சு. போர்த்துக்கீசியன் பறங்கி. அவன் காலத்தில் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்து சேர்ந்த காய் பறங்கிக்காய். பொங்கலுக்கு நம்ம வீட்டில் வைக்கிற பறங்கிக்காய்க் கூட்டுக்குள்ள சார்லமேன் பேரும் சேர்ந்து வேகுதுன்னு சொல்லலாம். (திருப்பரங்குன்றத்தை இதில் சேர்த்துடாதீங்க. அது வேற சொல், இதைவிட ரொம்பப் பழசு.)

1606-இல் இத்தாலியப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி என்ற ஏசு சபைப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்னாலேயே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் இங்கே பல வருஷமா இருந்தார். உள்ளூர்க்காரர் யாரும் மதம் மாறலை. காரணம் அந்தச் சொல்தான். கிறிஸ்தவன் ஆவது என்றால் பறங்கிக் குலத்தில் சேர்வது என்று மக்கள் நினைச்சாங்க. மாடு தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன் என்பதுதான் பறங்கியைப் பற்றி அன்றைக்கு ஊருக்குள் இருந்த எண்ணம்.

நொபிலி "நான் பறங்கி இல்லை" என்று சொல்லிக் காவி கட்டினார். மரச் செருப்புப் போட்டார், மரக்கறி சாப்பிட்டார். தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். தத்துவ போதகர் என்ற பெயரும் வந்தது. அவரிடம் மதம் மாறியவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் எதையும் விட வேண்டியதில்லை என்றார். சக பாதிரியார்களே கொதிச்சுப் போனாங்க. புகார் கோவாவுக்குப் போய், அங்கிருந்து ரோமுக்குப் போனது. 1623 ஜனவரி 31-ஆம் தேதி போப் பதினைந்தாம் கிரிகோரி, நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். கலிலியோவை 1616-இல் கூப்பிட்டு எச்சரித்த கர்தினால் பெல்லார்மின், நொபிலிக்கு உறவுக்காரர். பூமி சுத்துதா என்ற வழக்கையும் மதுரைக் குடுமி வழக்கையும் ஒரே வட்டத்து ஆட்கள் பார்த்துக்கிட்டு இருந்த காலம் அது.

கைடு இதில் "தத்துவ போதகர்" என்ற பட்டத்தோடு நிறுத்திக்கும். விளைவு வேற இடத்தில் இருக்கு. மேல்சாதிக்காரர்களின் வழக்கத்தை மதத்துக்குள்ள அப்படியே அனுமதிச்சா, சாதியும் கூடவே உள்ளே வரும். வந்தது. கொஞ்ச காலத்தில் உயர்சாதியினருக்குத் தனிச் சந்நியாசிகள், மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்று பாதிரியார்களே இரண்டு வகை ஆனார்கள். இந்தச் சண்டையை ரோம் மறுபடியும் எடுத்து, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில்தான் முடித்தது. ஆனால் தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் தனி இடம், தனிக் கல்லறை என்ற தகராறு அந்த ஆணையோடு முடிஞ்சிடலை.

கேள்வி 2: 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பெயர் வரும் இந்தியர்கள் இருவர் யார்?

ஏழாண்டுப் போர் 1756 முதல் 1763 வரை நடந்தது. பிரஷியா, ஆஸ்திரியா, கனடா, கரீபியன் தீவுகள் என்று எங்கெங்கோ சண்டை. நம்ம பக்கத்தில் பிரிட்டிஷ் கம்பெனியும் பிரெஞ்சுக் கம்பெனியும் மோதிக்கிட்டாங்க. 1763 பிப்ரவரி 10-ஆம் தேதி பாரிஸில் கையெழுத்தானது உடன்படிக்கை. அதன் பதினோராவது பிரிவு பெரும்பாலும் இந்தியாவைப் பற்றியது. முகமது அலியை கர்நாடகத்தின் முறையான நவாபாகவும், சலாபத் ஜங்கை தக்காணத்தின் முறையான சுபேதாராகவும் இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. சலாபத் ஜங்கை அவருடைய தம்பி நிஜாம் அலி ஏற்கெனவே பதவியில் இருந்து இறக்கிச் சிறையில் போட்டிருந்தார். சிறைக்குள் கிடந்த ஒருத்தரை பாரிஸில் உட்கார்ந்து "முறையான ஆட்சியாளர்" என்று எழுதினாங்க. கப்பலில் செய்தி போய்ச் சேர ஆறு மாசம் ஆகும் காலம் அது.

முகமது அலி விஷயம் வேடிக்கை இல்லை. அது மதுரையில் ஒரு உயிரை வாங்கியது.

மதுரையை அப்போது ஆண்டு வந்தவர் யூசுப் கான். ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்த மருதநாயகம். கம்பெனியின் சிப்பாய்ப் படையில் படிப்படியா உயர்ந்து தளபதி ஆனவர். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்துகொண்டு பிரெஞ்சுப் படைக்கு வரும் தானியத்தையும் பொருளையும் மறித்துத் திணறடித்தவர் இவர்தான். அந்தப் பெயரோடு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து நிர்வாகம் பண்ணினார். நெற்கட்டும்செவல் பூலித்தேவனை அடக்கியதும் இவரே. கம்மாய்களைச் சீர் செய்தார், கள்வர் பயத்தைக் குறைத்தார் என்ற நல்ல பேரும் இவருக்கு உண்டு.

பிறகு எங்கே முறிந்தது? மதுரை வரிப்பணத்தை நவாபுக்குக் கட்டு, நீ நவாபின் ஆள் என்று கம்பெனி சொன்னது. போர்க்களத்தில் சம்பாதித்த இடத்தை, கடனில் மூழ்கிய நவாபுக்குக் கீழே வைக்க அவர் சம்மதிக்கலை. 1763-இல் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆனால் அதே வருஷம் பாரிஸில் பிரான்ஸ் தோற்று ஒப்புக்கொண்டாச்சு, முகமது அலிதான் நவாப் என்றும் எழுதிக் கொடுத்தாச்சு. அவர் ஏற்றியது, ஏற்கெனவே இறக்கப்பட்ட கொடி.

முதல் முற்றுகையை மழை முறியடித்தது. 1764-இல் மறுபடி வந்தாங்க. கோட்டை விழலை, உள்ளே பசி வந்தது. அக்டோபர் 13-ஆம் தேதி, தொழுகையில் இருந்தபோது சொந்த ஆட்களே பிடித்துக் கட்டினார்கள். அதில் அவரிடம் இருந்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷாவும் ஒருவர். 15-ஆம் தேதி மதுரைக்கு மேற்கே, முற்றுகைப் பாளையத்துக்குப் பக்கத்தில் தூக்கிலிட்டார்கள். இன்றைக்கு சம்மட்டிபுரத்தில் தர்காவாக இருக்கும் இடம் அதுதான். கான்சாமேட்டுத் தெரு என்று மதுரைக்குள்ளேயும் அவர் பேர் தங்கியிருக்கு.

அந்த லாலி என்ன ஆனார் தெரியுமா? வந்தவாசியில் 1760-இல் தோற்றார். 1761-இல் புதுச்சேரியையும் இழந்தார். பிரான்ஸுக்குத் திரும்பியவர் மேல் துரோகக் குற்றம் சாட்டி, 1766 மே மாதம் பாரிஸில் தலையை வெட்டினார்கள். சென்னைக் கோட்டை வாசலில் எதிரெதிரே நின்ற இரண்டு பேரையும் எதிரி கொல்லலை. அவரவர் தரப்பே, "துரோகி" என்ற அதே சொல்லைச் சொல்லி, ஒன்றரை வருஷ இடைவெளியில் கொன்றது. தோல்விக்கும் செலவுக்கும் கணக்குக் காட்ட இரண்டு பக்கத்துக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். லாலிக்காக அவர் மகன் போராடினார், வால்டேர் எழுதினார். 1778-இல் பிரான்ஸ் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. யூசுப் கானுக்காக எழுத அப்படி ஒருத்தர் இல்லை. எஸ். சி. ஹில் என்ற ஆங்கிலேயர் 1914-இல் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதியபோதும் தலைப்பில் "கலகக்காரத் தளபதி" என்றுதான் வைத்தார். நம்ம மக்கள் கான் சாகிபு சண்டை என்று கதைப்பாடலாகப் பாடி வைத்துக்கொண்டார்கள்.

அவர் தியாகியா, துரோகியா? கைடு ஒரு சொல்லைக் கேட்கும். பூலித்தேவன் பக்கம் நின்று பார்த்தா ஒரு பதில், 1764 மதுரைக் கோட்டையில் நின்று பார்த்தா வேறு பதில். எந்த வருஷத்தில், யாருடைய கண்ணில் என்று கேட்காமல் அந்த ஒரு சொல்லை எழுதக் கூடாது.

கேள்வி 3: கோட்டைச் சுவரை இடித்துச் சாலை போட்டதில் வியன்னா முந்தியா, மதுரை முந்தியா?

மதுரைதான் முந்தி. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப், வியன்னாவின் கோட்டை மதிலை இடித்து வட்டச் சாலை போட 1857 டிசம்பரில் உத்தரவு போட்டார். ரிங்ஸ்ட்ராஸே என்று உலகம் முழுக்கப் பேர் எடுத்த சாலை. மதுரையில் 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நாயக்கர் காலத்துக் கோட்டையை அதற்கு முன்னாடியே இடிக்க வைத்துவிட்டார்.

வழி ரொம்ப எளிது. கோட்டையின் இவ்வளவு பகுதியை இடித்து அகழியைத் தூர்த்தால் அந்த நிலம் உனக்கு என்று அறிவித்தார். மக்களே இடித்துக்கொண்டார்கள். இப்படிக் கிடைத்த நிலத்தில் போட்ட தெருக்கள்தான் வெளி வீதிகள், மாரட் வீதிகள், பெருமாள் மேஸ்திரி வீதிகள். மாரட் என்பவர் அளவைக்காரர், பெருமாள் அவரோடு வேலை பார்த்த மேஸ்திரி. வியன்னாவின் சாலையில் பேரரசர் அரண்மனையும் ஓபராவும் வந்தது. மதுரையில் ஒரு மேஸ்திரியின் பேர் தெருவுக்கு வந்தது. எனக்கு இதுவே பிடிச்சிருக்கு. பிளாக்பர்னுக்கு ஊர் மக்கள் வைத்த விளக்குத்தான் விளக்குத்தூண். பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனா, இடிக்காமல் விட்ட கோட்டைத் துண்டு ஒன்று இன்னும் நிற்கிறது. 1764-இல் யூசுப் கான் காத்து நின்ற கோட்டையின் மிச்சம்.

கேள்வி 4: 1877 ஜனவரி 1-ஆம் தேதிக்கும் அலங்காநல்லூர் வயலுக்கும் என்ன உறவு?

அன்றைக்கு டெல்லியில் தர்பார். பிரதமர் டிஸ்ரேலி முந்தின வருஷம் பார்லிமென்டில் சட்டம் கொண்டுவந்து விக்டோரியாவுக்குப் பேரரசிப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். வைஸ்ராய் லிட்டன் பிரபு அதை டெல்லியில் பெரிய விழாவாக எடுத்தார். சென்னை மாகாணத்தில் அப்போது 1876 மழை பொய்த்து, பஞ்சம் வாட்டிக்கொண்டு இருந்தது. நம்ம தாத்தா பாட்டிகள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் இதுதான். சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவும் தர்பாருக்குப் போயிருந்தார்.

அதே ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு! மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற டாக்டர் இதை எதிர்த்துச் சண்டை போட்டார். 1878 வரை லட்சக்கணக்கில் மக்கள் செத்தாங்க. அதற்குப் பிறகு அமைத்த பஞ்சக் கமிஷன் 1880-இல் அறிக்கை கொடுத்து, பாசனத் திட்டங்கள் வேண்டும் என்றது.

அந்தச் சூழலில்தான் கிடப்பில் இருந்த ஒரு பழைய யோசனைக்கு உயிர் வந்தது. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்புவது. 1808-இலேயே கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். 1882-இல் ஜான் பென்னிகுவிக் கொடுத்த திட்டம் ஏற்கப்பட்டது. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், 999 வருஷம். 999 வருஷக் குத்தகை என்பது இங்கிலாந்து நிலச் சட்டத்தில் உள்ள பழக்கம். அந்தக் கணக்குப்படி 2885 வரை போகுது. 1887-இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். சுமார் 1,200 அடி நீள அணை, ஒரு மைலுக்கு மேல் மலைக்குள் குடைந்த வழி.

பென்னிகுவிக் 1841 ஜனவரி 15-ஆம் தேதி புனேயில் பிறந்தவர். எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, 1849 ஜனவரி 13, சில்லியன்வாலா போரில் அவருடைய அப்பாவும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் செத்தார்கள். சீக்கியர்களோடு நடந்த இரண்டாம் போர் அது. கைடில் போர் ஒரு பக்கம், அணை ஒரு பக்கம் இருக்கும். இரண்டும் ஒரே வீட்டுக் கதை என்று இருக்காது.

சரி, எல்லோரும் சொல்லும் கதைக்கு வருவோம். அரசு பணம் தர மறுத்தது, பென்னிகுவிக் இங்கிலாந்து போய்ச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று. இது வாய்மொழியா வளர்ந்த கதை. பெரியாறு அணை அரசாங்கத் திட்டம், ஒப்பந்தம் போட்டதும் அரசாங்கம். அந்தக் காலப் பெரிய பாசனத் திட்டங்களுக்கு அரசு முதல் போடும். தண்ணீர்த் தீர்வையாக அது வட்டியோடு திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் அனுமதியே கொடுக்கும். வேலையில் இருந்த பொறியாளர் மெக்கன்சி 1899-இல் திட்டத்தின் வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார்.

இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும். பென்னிகுவிக்கைக் குறைக்கணும்னு சொல்லலை. வெள்ளம் அடித்துக்கொண்டு போன தற்காலிக அணைகளைத் திரும்பத் திரும்பக் கட்டினார், காட்டுக்குள் வருஷக்கணக்கில் நின்றார். நன்றி சொல்ல அதுவே தாராளம். சொத்து விற்ற கதையில் இரண்டு பேர் காணாமல் போறாங்க, அதுதான் பிரச்சினை. ஒருத்தர், மலேரியாவிலும் காலராவிலும் அந்த மலையிலேயே செத்த கூலிக்காரர். இன்னொருத்தர், தலைமுறையா தண்ணீர்த் தீர்வை கட்டி அணையின் விலையை அடைத்த நம்ம விவசாயி. அணையை ஒரு வெள்ளைக்காரர் தானமாகக் கொடுத்தார் என்று சொல்லும்போது, விலை கொடுத்து வாங்கியவரே பிச்சை வாங்கியவர் மாதிரி ஆயிடறார்.

பேரணையில் பிரியும் பெரியாறு பிரதான கால்வாயில், கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். இருபோகப் பகுதி 45 ஆயிரம் ஏக்கர் சொச்சம். அலங்காநல்லூர் வட்டாரத்துக்குத் தண்ணீர் வருவது இந்தப் பகுதியில்தான். அதனால் அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்பது இங்கே டீக்கடையில்கூடப் பேச்சு. 2022-இல் தமிழ்நாடு அரசு, பென்னிகுவிக் கடைசிக் காலத்தில் வாழ்ந்த இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் அவருக்குச் சிலை வைத்தது.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு

பரீட்சையில் ஒரு வரிதான் கேட்பாங்க, ஒரு வரியையே எழுதுங்க. பாரிஸ் உடன்படிக்கை 1763, லிட்டன் தர்பார் 1877, பெரியாறு அணை 1895, மாத்த வேண்டாம். ஆனால் நோட்டில் ஒவ்வொரு வருஷத்துக்குப் பக்கத்திலும் நம்ம பக்கத்து இடம் ஒன்றை எழுதி வைங்க: சம்மட்டிபுரம், விளக்குத்தூண், பேரணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துட்டு வாங்க. பார்த்த இடத்தோட வருஷம் லேசில் மறக்காது.

உங்க ஊர்க் கம்மாய்க்கோ தெருவுக்கோ இப்படி ஒரு வெளிநாட்டுத் தொடர்பு இருந்தா எழுதுங்க. அடுத்த குறிப்பில் சேர்த்துக்கலாம்.